விலை எழுத வருகிறவர்

எங்கள் ஊர் புதூருக்குத் தெற்கே. கரிசல் காடு, ஒரு பஸ், என் மாமாவின் பலசரக்குக் கடை. மாதம் ஒருமுறை அந்தக் கடைக்கு ஓர் ஆள் வருவார். உச்சி வெயிலில்தான் வருவார். வண்டிச் சத்தம் முதலில் கேட்கும். ஆள் தெரிய நேரமாகும். எதுவும் வாங்க மாட்டார். விலை மட்டும் கேட்பார்.

அரிசி, பருப்பு, கடலை எண்ணெய், மிளகாய் வற்றல், சோப்பு. எந்த மாதமும் அதே வரிசை, அதே எடை. அந்தச் சோப்பு வருவது நின்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதையும் விடமாட்டார். "இன்னும் வரலியா?" என்பார். செத்தவரை விசாரிக்கிறது போல இருக்கும். கோடு போட்ட தாளில் எழுதிக்கொண்டு போய்விடுவார். அவர் முகம் எனக்கு நினைவில் இல்லை. பேனா நினைவிருக்கிறது.

அரசாங்கத்து ஆள் என்றார் மாமா. எதற்கு எழுதுகிறார் என்று மாமாவுக்கும் தெரியாது. பெண்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவர் எழுதிவிட்டுப் போனால் விலை ஏறும். மழை பொய்த்த வருஷம் அது. அவர் எழுதாவிட்டாலும் ஏறியிருக்கும். அதை யாரும் சொல்லவில்லை.

அம்மா தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கினாள். எண்ணெய் இன்னும் ஏறினால் தம்பிக்குப் பால் வாங்குவதை நிறுத்த வேண்டியதுதான் என்று அப்பாவிடம் சொன்னாள். தம்பிக்கு ஒன்றரை வயது.

அந்த மாதம் அவர் வந்தபோது மாமா சரக்கெடுக்கக் கோவில்பட்டி போயிருந்தார். அம்மாவுக்கு லீவு. கடையில் அம்மாவும் நானும்தான். எதிர்வீட்டுச் சித்தி வாசலில் நின்று கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரரு வெலையையும் எழுதிட்டுப் போங்க அண்ணாச்சி. ஏறுதான்னு பாப்பம்."

அவர் சிரிக்கவில்லை. அரிசியில் ஆரம்பித்தார். அம்மா எல்லாவற்றுக்கும் போன வருஷத்து விலையைச் சொன்னாள்.

"எண்ணெ அந்த வெலைக்கா குடுக்கீங்க?"

"ஆமா அண்ணாச்சி. ஒத்த ரூவா ஏறல."

அவர் என் பக்கம் திரும்பினார். "என்ன பாப்பா, அம்மா சொல்லுதது நெசமா?"

அம்மாவின் கை என் முதுகில் இருந்தது. ஆமா என்றேன். பேனா கொஞ்ச நேரம் தாளுக்கு மேலேயே நின்றது. பிறகு எழுதினார்.

வண்டி மறைந்ததும் சித்தி அவர் காலடி மண்ணை எடுத்தாள். உப்பும் வற்றலும் சேர்த்துக் கடையை மூன்று சுற்றுச் சுற்றி நெருப்பில் போட்டாள். வற்றல் கருகியது. நெடி வரவில்லை. யாரும் இருமவில்லை.

"பாத்தியாட்டி. அம்புட்டும் அந்தாளு கண்ணு" என்றாள் சித்தி.

மறுமாதமும் எண்ணெய் ஏறியது. அம்மா பொய்யை விடவில்லை. மாமாவுக்கும் சொல்லிக்கொடுத்தாள். தாளுக்குள் ஓர் ஊர் இருக்கிறது, அங்கே எல்லாம் மலிவு, அங்கேயும் என்னைப் போல ஒருத்தி நிறைய எண்ணெய் ஊற்றித் தோசை தின்கிறாள் என்று நான் நினைத்துக்கொள்வேன். அவளை நினைத்தால் பயமாக இருக்கும்.

இத்தனை காலம் கழித்து, போன வருஷம் நான் மகளிர் குழுக் கடன் கேட்கப் போனபோது பேங்க் மேனேஜரம்மாதான் விளக்கிச் சொன்னாள். ஊர் ஊராக இப்படி எழுதிய விலைகளைச் சேர்த்துத்தான் விலைவாசி எவ்வளவு ஏறியது என்று கணக்குப் போடுகிறார்களாம். வட்டியைக் கூட்டுவதா குறைப்பதா என்று மேலே முடிவு செய்வதும் அதைப் பார்த்துத்தானாம். கூலியோடு தருகிற பஞ்சப்படியும் அதை வைத்துத்தானாம். ஒரு கடைப் பொய்யில் ஒன்றும் மாறாது என்றாள். எத்தனை கடையில் இப்படிச் சொன்னார்களோ.

மழை பொய்த்த அந்த வருஷம் ஒருநாள் அம்மா வேலை முடிந்து வந்தாள். பஞ்சப்படி கூட்டவில்லை என்றாள்.

"வெலவாசி ஏறலையாம்."

தம்பியின் பால் சொம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். நான் சந்தோஷப்பட்டேன். நாங்கள் சொன்ன பொய் பலித்துவிட்டது என்று சித்தி வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன்.