பள்ளி ஜன்னலில் இருந்த குளிசை

வாப்பாவுக்குப் பிரஷர். கிளினிக்கில் கொடுத்த குளிசையால் கால் வீங்குகிறது என்று முனகிக்கொண்டே இருந்தார். கருவாடு காயவைக்கும் வாடியில் நாள் முழுக்க நிற்கிற மனிதருக்குக் கால் வீங்காமல் என்ன செய்யும் என்று நான் யோசிக்கவில்லை. எனக்குப் பொறுமை கிடையாது. கற்பிட்டியில் பஸ் ஏறி, முன்னேஸ்வரம் பக்கத்தில் ஒரு வைத்தியரிடம் போய்ச் சர்ப்பகந்தி வேர் வாங்கி வந்தேன்.

வைத்தியர் ஒன்றைத்தான் அழுத்திச் சொன்னார். குளிசை போடுகிறவருக்கு இதைக் கொடுக்கக் கூடாது; இரண்டும் சேர்ந்தால் பிரஷர் ஒரேயடியாக இறங்கிவிடும்.

“இன்னும் குளிச போடுறீங்களா வாப்பா?”

“இல்ல மகள், அத உட்டுட்டன்.”

ஏன் கேட்கிறேன் என்று நான் சொல்லவில்லை.

தினமும் காலையில் வேரை அவித்து, கோப்பையைக் கையில் கொடுத்து, கடைசிச் சொட்டு இறங்கும்வரை பக்கத்தில் நிற்பேன். முகத்தைச் சுளித்துக் குடித்துவிட்டு, “ஒண்ட கசாயம் நல்லா வேல செய்யுது மகள்” என்பார். எனக்குத் தலைகால் புரியாது. சாச்சிமாரிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். இடையிடையே தலை சுற்றுகிறது என்று அவர் சொன்னபோது வெயில் மேல் பழியைப் போட்டேன்.

ஒரு நாள் பின்னேரம், அஸர் தொழுகை நேரம். முன்னறையில் தொழுதுகொண்டிருந்தவர், நெற்றியைத் தரையில் வைக்கும் சுஜூதிலிருந்து எழும்போது தலை சுற்றி விழுந்திருக்கிறார். அலுமாரியில் எதுவோ மோதும் சத்தம் கேட்டுக் குசினியிலிருந்து ஓடினேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மௌத்தாகிவிட்டார்.

மூன்றாம் நாள் கத்தம் ஓதி முடிந்ததும், பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் வந்தார். கையில் வாப்பாவின் பெயர் எழுதிய கிளினிக் குளிசை உறை.

“பள்ளி ஜன்னல்ல வெச்சிருந்தார் மகள். சுபஹு தொழுதுட்டு ஒரு குளிசயப் போட்டுட்டுத்தான் வூட்டுக்கு வருவார். ‘மகளுக்குச் சொல்லிராதீங்க, பாவம், கஷ்டப்பட்டு அவிச்சித் தாரா’ எண்டு சொன்னார்.”

பிறகு ஒரு டாக்டரிடம் கேட்டேன். அந்த வேரில் இருப்பதும் பிரஷரை இறக்கும் மருந்துதான், அதைப் பிரித்தெடுத்து ஒரு காலத்தில் குளிசையாகவே கொடுத்தார்கள் என்றார். வாப்பாவோ அதை வெறும் வேர்த்தண்ணீர் என்றுதான் நினைத்திருப்பார். என் மனம் நோகக் கூடாது என்றுதான் குடித்தார்.

இப்போது எனக்கும் பிரஷர். கிளினிக் குளிசை மட்டும்தான். என் மகன் அதே முன்னறையில் அஸர் தொழுகிறான். சுஜூதிலிருந்து எழுந்து அவன் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்கும்வரை எனக்கு மூச்சு வருவதில்லை. அந்தக் கசாயத்தை வாப்பா கிணற்றடியில் ஊற்றியிருக்கலாம். ஊற்றவிடாமல் பக்கத்திலேயே நின்றவள் நான்.