மரியத்தின் பெயரோடு திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை

ஆறு மாதமாக ஒரு இன்ஸ்டா பக்கத்தைப் பின்தொடர்கிறேன். முகமே தெரியாது, உள்ளங்கை மட்டும். அதில் காசாவில் இருக்கும் ஒரு குழந்தையின் பெயரை மருதாணியால் எழுதியிருப்பார்கள். அந்தக் குழந்தைக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு பெண் குரல் தமிழில் சொல்லும். அந்தக் கைகளைப் பார்த்தே தீருவது என்று போன வெள்ளிக்கிழமை லீவு போட்டுக் கிளம்பினேன்.

தாம்பரத்தில் காலை 7.10க்குப் பேருந்து, திண்டிவனத்தில் 9.25. டிக்கெட் 90 ரூபாய். இன்ஸ்டா பக்கத்தில் ஊர் பெயர் மட்டும்தான் இருந்தது; ஆட்டோக்காரரிடம் தயங்கித் தயங்கி வழி கேட்டேன். "மருதாணி அக்காவா? குந்துங்க, நாப்பது ரூவா குடுங்க" என்றார். இதற்கா இரண்டு நாள் மேப்பைக் குடைந்தேன்!

ஷகிலா அக்கா தையல்காரர். மிஷின் பக்கத்தில், நூல்கண்டு டப்பாமேல் போனைச் சாய்த்துத்தான் படப்பிடிப்பு. ஆரம்பத்தில் இறந்த குழந்தைகளின் பெயர்களை எழுதினாராம். சொந்தக்காரப் பெண்களே கமெண்டில் வறுத்தெடுத்துவிட்டார்கள்.

"மவுத் வூட்டுல, எழவு வூட்டுல யாராச்சும் மருதாணி வெப்பாங்களா? எனுக்குத் தெரியாததா? அழுதுக்கினே அவசரத்துல பண்ணிட்டேம்மா" என்றார்.

அந்தப் பதிவுகளையெல்லாம் எடுத்துவிட்டு, அந்த இன்ஸ்டா பக்கத்திலேயே மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து உயிரோடு இருக்கும் பிள்ளைகளின் பெயர் மட்டும்தான். இன்ஸ்டா வழியே தொடர்பில் இருக்கும் தாயிடமிருந்து அந்த வாரம் குரல் செய்தி வந்தால்தான் பதிவு. தப்பை இவ்வளவு நேராக ஒத்துக்கொண்ட பக்கத்தை நான் பார்த்ததில்லை.

அன்று எட்டு வயது மரியத்தின் முறை. அவள் அம்மாவிடமிருந்து ஐந்து நாளாகச் செய்தி இல்லை. பதிவு போட்டு, அவள் உயிரோடு இல்லையென்றால் பழைய தப்பே மறுபடியும். எழுதாமலே விட்டால்?

"நாமளே அவள இல்லேன்னு சொன்ன மாதிரி ஆயிடும். மனசு ஒரே பேஜாரா கீது" என்ற அக்கா, சட்டென்று என் வலது கையை இழுத்து எழுதத் தொடங்கினார். வீடியோ எடுத்து விழுப்புரத்துக்கு அனுப்பினார். "சேதி வராம போட்டுடாதன்னு ரிஸ்வானாகிட்ட நேர்ல சொல்லுங்க."

ரிஸ்வானா, அக்காவின் தங்கை மகள், கல்லூரி மாணவி. அந்தக் குரல் அவளுடையது. விழுப்புரம் 38 கி.மீ., ஒரு மணி நேரம், 35 ரூபாய். இடது கையால் கம்பியைப் பிடித்து, ஈர மருதாணிக் கையைத் தூக்கியபடியே நின்றுகொண்டு போனேன். கண்டக்டர், "வூட்ல கல்யாணமாம்மா?" என்றார். தலையை ஆட்டிவைத்தேன்.

ரிஸ்வானாவின் வீடு தண்டவாளத்தை ஒட்டி இருக்கிறது. ரயில் சத்தம் விழாமலிருக்க, பீரோவைத் திறந்து புடவைகளுக்குள் தலையை விட்டுத்தான் பேசிப் பதிவு செய்கிறாள்! சிரித்தேவிட்டேன். "மரியத்துக்குப் பூனைன்னா உயிரு" என்று பேசி முடித்தாள். ஆனால் பதிவேற்றவில்லை. போனை நடுவில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். டீ ஆறிப்போனது.

3.50க்கு ஒரு குரல் செய்தி வந்தது. தாயின் குரல் அல்ல, ஒரு குழந்தையின் குரல். கோபமாக, மூச்சுவிடாமல் பேசியது. ரிஸ்வானா மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தாள்: "அம்மா போனில் இத்தனை நாள் சார்ஜ் இல்லை. என் பெயர் ஏன் இன்னும் வரவில்லை?"

நான் ஓவென்று அழுதுவிட்டேன். ரிஸ்வானா பதிவை ஏற்றிவிட்டுப் போன் போட்டாள். "மரியம் பேசிட்டா. போட்டுட்டேன் பெரிம்மா." மறுமுனையில் தையல் மிஷின் சத்தம் நின்றது.

போக நினைப்பவர்களுக்கு: முன்கூட்டியே செய்தி அனுப்பி அனுமதி கேளுங்கள். முகத்தைப் படமெடுக்காதீர்கள். மருதாணி காய இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள், என்னைப் போல ஓடாதீர்கள்.

என் கையில் பெயர் மங்கத் தொடங்கிவிட்டது. நேற்று அக்காவிடம் சொன்னேன். "மங்குனா ஜல்தி வாங்க, மறுபடி வெச்சுடறேன்" என்றார். "எம் பேரு எங்கன்னு அந்தப் புள்ள கேட்டா, நான் என்னாம்மா பதில் சொல்றது?"