ஜன்னல் கம்பியில் ஒரு சிவப்பு ரிப்பன்

போன வாரம் அடையாறில் ஒரு குழந்தை மருத்துவரிடம் என் பேத்தியை அழைத்துப் போயிருந்தோம். ஓரிடத்தில் உட்காரமாட்டாள், எழுதும்போதே எழுந்து ஜன்னல் பக்கம் போய்விடுவாள். மருத்துவர் நிதானமாகச் சொன்னார்: "இது சேட்டை இல்ல பாட்டி. கவனத்தை ஒரு இடத்துல நிறுத்துறது இவளுக்கு நெஜமாவே கஷ்டம். வேணும்னு பண்ணல. பெரியவங்களான பிறகும் சில பேருக்கு இது இருக்கும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பேத்திக்காகப் பயந்துவிட்டேன் என்று நினைத்தாள் போலிருக்கிறது. நான் நினைத்தது ரேவதியை.

எழுபதுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூரில் ஒரு சின்னப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு டீச்சர் நான். இருபத்திரண்டு வயது, கஞ்சி போட்ட புடவை, கையில் ஸ்கேல், கண்டிப்பானவள் என்று பெயர் வாங்கும் ஆசை வேறு. ரேவதிக்கு இரட்டைப் பின்னல், சிவப்பு ரிப்பன். தெருவில் மாடு கத்தினால் போதும், கணக்கைப் பாதியில் விட்டுவிட்டுப் பார்க்கப் போய்விடுவாள். அடித்துப் பார்த்தேன், பெஞ்சு மேல் ஏற்றிப் பார்த்தேன். கடைசியில், என் மூளை வேலை செய்த அழகைப் பாருங்கள், ஜன்னலோரம் உட்காரவைத்து ஒரு பின்னலின் ரிப்பனைக் கம்பியில் கட்டிவிட்டேன். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். அப்புறம் தினமும் கட்டினேன்.

ஒரு நாள் தையல் வகுப்பு. தலைமையாசிரியை கூப்பிட்டாரென்று போய்விட்டுத் திரும்பினால், கம்பியில் பின்னல் மட்டும் தொங்குகிறது.

வாசலுக்கு ஓடினேன். சாணை பிடிப்பவரின் சக்கரத்துக்கு எதிரே குந்தி, பறக்கும் தீப்பொறியை வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தலையில் ஒரு பக்கம் பின்னல், மறு பக்கம் குதறல்.

"கத்திரி மொக்கை டீச்சர். முடியே லேசுல அறுபடலை. அதான் சாணை பிடிக்கக் கொடுத்தேன்."

சாணைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாம்மா, கொயந்தையக் கட்டிப் போட்டியாமே? வந்ததுலேர்ந்து இங்கயே குந்திகினு கீது. ஆடல, அசையல."

மறுநாள் ரேவதியின் அம்மா வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நடுங்கினேன். அவரோ மகளை என் எதிரிலேயே அறைந்துவிட்டு, "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சுடுங்கோ டீச்சர். நான் ஏன்னு கேக்கமாட்டேன்" என்றார். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் சொல்வதுதான். எனக்கு அப்பாடா என்றிருந்தது, அதை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது.

அந்த வாரமே டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டார்கள். 'பொறுப்பில்லாதவள்' என்று அதில் எழுதியது நான். கம்பியில் இருந்த முடிச்சை அவிழ்க்க முடியவில்லை, அவ்வளவு இறுக்கிக் கட்டியிருந்தேன். சாணை பிடித்த அதே கத்திரியால் ரிப்பனை வெட்டி எடுத்தேன். நன்றாகவே வெட்டியது.

ரேவதிக்கு இப்போது அறுபது தாண்டியிருக்கும். சாவியைத் தொலைத்துவிட்டு, அடுப்பில் பாலை மறந்துவிட்டு, தனக்குப் பொறுப்பே கிடையாது என்று தன்னையே திட்டிக்கொண்டிருப்பாளோ? பள்ளி இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி. அந்த ஜன்னல் இல்லை, தெருவில் சாணைச் சக்கரமும் இல்லை. நான் போட்ட முடிச்சு மட்டும் அவளிடம் இன்னும் இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.