வளவன் ஓட்டினால் மட்டும்

அனுசுயா எதையும் சட்டென்று நம்புகிறவள் இல்லை. திருவெறும்பூர்ச் சந்தையில் தராசு முள்ளைப் பார்க்காமல் தக்காளிகூட வாங்கமாட்டாள்.

திருச்சிக் கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தில் அவள் வடிவமைத்த கருவி, ஆற்றுநீரில் கலந்த பூச்சிமருந்தைக் காட்ட வேண்டியது. கண்ணாடித் துண்டின்மேல் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய தங்கப்பூச்சு. அதன்மேல் குழாய் வழியாகத் தண்ணீர் ஓடும். அடியிலிருந்து லேசர் படும். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் ஒளி திரும்பாமல் தங்கத்திலேயே அடங்கிவிடும். தண்ணீரில் மருந்து இருந்தால் அந்தக் கோணம் நகர வேண்டும்.

அவள் கருவியை ஓட்டினால் கோணம் நகரவில்லை. உடன் ஆராய்ச்சி செய்த வளவன் ஓட்டினால் அழகாக நகர்ந்தது. அவனுக்கு வெளிநாட்டு வேலை காத்திருந்தது. ஆய்வேட்டை முடிக்கும் அவசரம். அதிலும் அவள் சாப்பிடப் போகும் நேரமாகப் பார்த்துத்தான் ஓட்டுவான். "அவனுக்குக் கைராசி" என்றார் பேராசிரியை ஆனந்தவள்ளி. அனுசுயாவுக்கு எரிந்தது. எண்களை மாற்றுகிறான் என்றே முடிவு கட்டினாள்.

ஒருநாள் மருந்துக் கரைசல் புட்டியில் வெறும் தண்ணீரை ஊற்றிவைத்துவிட்டு, சாப்பிடப் போகாமல் அவன் பின்னால் வந்து நின்றாள். அவன் ஓட்டினான். கம்ப்யூட்டரில் கையே வைக்கவில்லை. கோணம் நகர்ந்தது.

"அதுல மருந்தே இல்லைங்க. நான்தான் மாத்தி வச்சேன்."

வளவன் முகம் வெளுத்தது. "என்னைச் சோதிச்சீங்களா?"

"நான் இல்லாத நேரமாப் பாத்து ஏன் ஓட்டறீங்க?"

"காலையிலேருந்து நீங்க மெஷினை விட்டு எழுந்திரிக்கறதே இல்ல. வேற எப்ப ஓட்டறது?"

மெதுவாக, "முதல்லேருந்து ஒருதடவை செஞ்சு காட்டுங்க" என்றாள்.

கோபத்தோடு செய்தான். தண்ணீர் விடும் முன் குழாயை ஸ்பிரிட்டால் அலசினான். அவளோ எப்போதும் தண்ணீரால்தான் அலசுவாள். குழாயில் தங்கிய ஸ்பிரிட்தான் இத்தனை நாளும் கோணத்தை நகர்த்தியிருந்தது. அவன் பொய் சொல்லவில்லை. அவள் கருவிதான் மருந்தைக் கண்டுகொள்ளவே இல்லை.

இருவரும் ஆனந்தவள்ளியிடம் போய்ச் சொன்னார்கள். வளவனின் முடிவுகளை வைத்து மாநாட்டுக்கு அனுப்பியிருந்த கட்டுரையை அவர் திரும்பப் பெற்றார்.

அனுசுயா மன்னிப்புக் கேட்டாள். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றான் வளவன். மறுவாரத்திலிருந்து தன் புட்டிகளை அலமாரியில் வைத்துப் பூட்டத் தொடங்கினான். அவள் பார்த்தும் பாராததுபோல் இருந்துகொண்டாள்.

மருந்தைப் பற்றிக்கொள்ளும் படலம் ஒன்றைத் தங்கத்தின்மேல் சேர்த்து, கருவியை மறுபடி வடிவமைத்தாள். மாதங்கள் கழித்து ஒரு சின்ன நகர்வு தெரிந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. குழாயைக் கழற்றி, வேறு குழாய் மாட்டி, முதலிலிருந்து மறுபடி ஓட்டினாள்.