அந்தப் பெண் என்ன கேட்டாள்?

செவ்வாய்க்கிழமை காலை கல்லூரி அலுவலகத்தைத் திறந்துகொண்டிருந்தபோது, நம் கல்லூரியின் குரும்பலூர் பஸ்ஸை ஓட்டும் செல்வம் போன் செய்தார். "சார், மல்லிகாக்கா போயிட்டாங்க. ஆண்டிமடத்துல, அவங்க வூட்லயே." சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தேன்.

போலீஸ் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்ற மல்லிகாம்மாவை உங்களில் பலருக்குத் தெரியும். குற்றத்தால் பாதிக்கப்பட்டு வரும் மாணவர்களிடம் எப்படி நடந்துகொள்வது என்று, பேராசிரியர்களையும் வாட்ச்மேன்களையும் ஒரே வரிசையில் உட்காரவைத்துப் பழக்கினார். ஒருவர் தன் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும். மற்றவர் வாய் திறக்காமல் கேட்க வேண்டும். முடிந்ததும், "அவங்க உங்ககிட்ட என்ன கேட்டாங்க?" என்பார். பரீட்சையே அவ்வளவுதான். முதல் நாள் எல்லோருமே தோற்றோம். பாதியிலேயே புத்தி சொல்லக் கிளம்பிவிட்டோம்.

அன்று நான் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். முந்தைய வருடம் ஒரு மாணவி, தன் போட்டோவை அசிங்கமாக மாற்றி வைத்துக்கொண்டு ஒருவன் மிரட்டுவதாக என் மேசை முன் அழுதாள். ஐந்தே நிமிடத்தில் அவள் அப்பாவுக்குப் போன் போட்டேன், ஆலத்தியூரிலிருந்து வந்து கையோடு கூட்டிப் போய்விட்டார் என்றேன். மல்லிகாம்மா கேட்டார்: "அந்தப் புள்ள உங்ககிட்ட என்ன கேட்டுச்சு சார்?"

எனக்கு நினைவில்லை. அவள் அப்பாவின் சட்டை நிறம்கூட நினைவிருந்தது. அவள் பிறகு படிக்க வரவேயில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

அவள் வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்கப் புறப்பட்டேன். மல்லிகாம்மா தடுத்துவிட்டார். "அது உங்க மனசு ஆறத்தான் சார். நீங்க போயி நின்னா அந்த வூட்ல மறுபடியும் அதே பேச்சு கெளம்பும். இனிமே வர்ற புள்ளைங்களுக்காக இங்க சொல்லுங்க." அதன்பின் ஒவ்வொரு பயிற்சியிலும் என் தவற்றை நானே எழுந்து சொன்னேன். ஒருநாள்கூட அவர் என்னைச் சமாதானப்படுத்தியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கோபம் இருந்தது, இப்போது இல்லை.

அவர் போவதற்கு நான்கு நாள் முன்பு, ஒரு மாணவி அதே மேசை முன் கண் கலங்கி நின்றாள். போன் பக்கம் போன கையை இழுத்துக்கொண்டு, "இப்ப உனக்கு என்ன வேணும்மா?" என்றேன்.

"கொஞ்ச நேரம் இங்க உக்காந்துக்கவா சார்?"

நாற்காலியை இழுத்துப் போட்டேன். வேறெதுவும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து அவளே பேசினாள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஆண்டிமடம் போய் மல்லிகாம்மாவிடம் இதைச் சொல்ல இருந்தேன். அவருடைய கேள்வியை இனி நான் வைத்துக்கொள்கிறேன். நான் போயிருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார். இந்த முறை எனக்குப் பதில் தெரியும்.