பீப்பாய் விழுந்த விதம்

எல்லாம் எனக்குத் தெரியும் என்று நான் நம்பிக்கொண்டிருந்த வயது அது. அந்தக் கோடை விடுமுறைக்கு அம்மா என்னையும் அண்ணனையும் கும்மிடிப்பூண்டி பக்கத்தில் இருந்த மாமா வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தாள். மாமாவுக்கு நெல் விவசாயம். அம்மாவின் தங்கையான சித்தி அப்போதுதான் கம்ப்யூட்டர் படிப்பை முடித்திருந்தாள். படிப்புக்காக வாங்கிய கம்ப்யூட்டர் நெல் மூட்டைகளுக்கு நடுவே ஓர் அறையில் இருந்தது. ஏனோ அந்த வாரம் முழுக்க மாமாவும் சித்தியும் பேசிக்கொள்ளவில்லை. எங்களுக்கு அது லாபம்தான். சித்தி கோபித்துக்கொண்டு அந்த அறையிலேயே படுத்துக் கிடந்ததால், யாரும் எங்களை விரட்டவில்லை, எந்நேரமும் கேம்தான்.

ஆடுவது அண்ணன். பின்னால் நின்று பார்ப்பது நான். ஆடுகிறவன் சுடுவதிலேயே குறியாக இருப்பான். மற்றதெல்லாம் பார்க்கிறவள் கண்ணில்தான் படும். துப்பாக்கிச் சண்டை கேம் ஒன்று, பேய் பங்களா கேம் ஒன்று. இரண்டிலும் பீப்பாயைத் தள்ளினால் ஒரே மாதிரி விழுந்தது. கொஞ்சம் தயங்கும், ஒரு துள்ளு துள்ளும், சுவரில் இடித்து அரைவட்டமாக உருண்டு நிற்கும்.

“ரெண்டும் உள்ள ஒண்ணுதான்” என்றேன்.

“இன்னாடி ஒளர்ற? அதுல துப்பாக்கி, இதுல பேய். எப்டி ஒண்ணாவும்?” அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான்.

நான் விடவில்லை. பந்தயம் கட்டினோம். ஜெயிக்கிறவருக்கு விடுமுறை முடியும்வரை கம்ப்யூட்டர் சொந்தம். கட்டிலில் கிடந்த சித்தி எழுந்து உட்கார்ந்து என்னையே பார்த்தாள். பிறகு, “இருங்க, நடுவர் வேணும்” என்று சொல்லிவிட்டு, தன்னோடு பேச்சே இல்லாதிருந்த மாமாவைக் கூப்பிடக் களத்துக்கு நடந்தாள். என் பந்தயத்துக்கு அவ்வளவு மரியாதையா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாமா வந்தார். உட்காராமல் வாசற்படியிலேயே நின்றார்.

சித்தி துப்பாக்கி கேமைத் திறந்து ஒரு பொத்தானை அழுத்தினாள். மேலிருந்து கறுப்புத் திரை ஒன்று இறங்கியது. அதில் ஏதோ ஒரு வரி அடித்துவிட்டுப் பீப்பாயைத் தள்ளினாள். அது பலூனைப் போல எழும்பிக் கூரையில் முட்டியது! பேய் பங்களாவைத் திறந்தாள். அதே கறுப்புத் திரை, அதே வரி. அங்கேயும் பீப்பாய் பறந்தது. கார் ரேஸிலும் அந்தப் பொத்தானை அழுத்திப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

“இது வேற இன்ஜின். அது ரெண்டும் ஒரே இன்ஜின்” என்றாள்.

அண்ணன் முகம் தொங்கிப் போனது. மாமாவுக்கு அந்த ஒரு வார்த்தைதான் பிடிபட்டது.

“டிவி பொட்டில இன்ஜினு இன்னாத்துக்கு?”

“ண்ணா, மொதல்லலாம் ஒவ்வொரு கேமுக்கும் எல்லாத்தையும் புதுசா எழுதிக்கினு இருந்தாங்க. பொருள் கீழ வுழறது, செவுத்துல இடிச்சா நிக்கிறது, வெளிச்சம் அடிக்கிறது, சத்தம் வர்றது, எல்லாம். அப்பறம் அதத் தனியா பிரிச்சு ஒரு இன்ஜினா வச்சிக்கினாங்க. அதுமேல கதைய, படத்த மாத்தி மாத்திப் போட்டுக்கினா வேற வேற கேம்.”

மாமா யோசித்தார். “நம்ம ஆயில் இன்ஜின் மாரி. பெல்ட்ட பம்புல மாட்டுனா தண்ணி எறைக்கும். மிஷின்ல மாட்டுனா கதிரடிக்கும்.”

“அதேதான்ணா!”

“அத்த வச்சி வேல செய்யத்தான் மெட்ராஸ்ல கூப்புட்றாங்களா உன்ன?”

“ஆமாண்ணா.”

“பொம்பளைங்க இருக்காங்களா அங்க? ட்ரெய்ன்ல போனா இருட்றதுக்குள்ள ஊட்டுக்கு வந்துட முடியுமா?”

பீப்பாய்க்கும் ட்ரெயினுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. “மாமா, யாரு ஜெயிச்சதுன்னு சொல்லு!” என்று கத்தினேன். “நீதாம்மா” என்றார், சித்தியைப் பார்த்தபடி.

அடுத்த வாரம் ஒரு விடியற்காலையில் மாமா சித்தியை வண்டியில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்தவர் நேராக வயலுக்குப் போகவில்லை. கம்ப்யூட்டர் எதிரே ராஜ்ஜியம் நடத்திக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அந்தப் பீப்பாயத் தள்ளு.”

தள்ளினேன். விழுந்து, துள்ளி, உருண்டு நின்றது. உற்றுப் பார்த்தார்.

“இன்னொருவாட்டி.”

எத்தனை முறை தள்ளினேனோ! அவர் எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் நான் ஓடிப்போய், மாமாவுக்கும் கேம் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அண்ணனிடம் சொன்னேன்.