வசந்தாமணி தனியாகத்தான் இருக்கிறாள்

வசந்தாமணியின் கணவன் மாரிசாமி பிளானோவுக்குப் போனது ஒரு சின்ன ப்ராஜெக்ட்டுக்கு. அங்கே அவனுக்கு வேறு பெண், குடி, சீட்டாட்டம் என்று சுவாரசியமாக எதுவும் இல்லை. வசந்தாமணி இல்லாத ஒரு ஊர் தேவையாயிருந்தது, டெக்ஸாஸில் கிடைத்தது. அவளும் பெரிதாக வருத்தப்படவில்லை. அவன் போன பிறகு வீட்டில் டிவி சத்தம் குறைந்திருந்தது, தயிரும் கூடுதலாக ஒரு நாள் வந்தது. 2004-ல் ஆளுக்கொரு வக்கீல் வைத்து, குரல் உயர்த்தாமல் விவாகரத்தை முடித்துக்கொண்டார்கள்.

முடிந்ததை வெளியில் சொல்லத்தான் அவளால் முடியவில்லை. கோபிச்செட்டிபாளையத்துக்காரி. நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவேயில் ஒரு மருந்து கம்பெனி லேபில் வேலை. மாத்திரைகள் ஒழுங்காகக் கரைகின்றனவா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அங்கே மேனேஜரே வந்து கெஞ்சினாலும் கரையாத மாத்திரையைக் கரைந்தது என்று எழுத மாட்டாள். வீட்டுக்கு வந்தால் கதை வேறு. "சார் எங்கே?" என்று யாராவது கேட்டால், "ப்ராஜெக்ட் எக்ஸ்டென்ட் ஆயிருச்சுங்க" என்பாள். தபால் பெட்டியில் அவன் பெயரை அழிக்கவில்லை. வாசலில் அவனுடைய பழைய ஷூவை வைத்திருந்தாள், மழை பெய்தால் எடுத்து உள்ளே வைத்தாள்.

2008-ல் கம்பெனிகள் வரிசையாக ஆட்களை வீட்டுக்கு அனுப்பியபோதும் மாரிசாமியின் ப்ராஜெக்ட் நீண்டுகொண்டே போனது. வேலை போன இரண்டு பேர் அவனுடைய நம்பர் கேட்டார்கள். அவள் ஒரு இலக்கத்தை மாற்றிக் கொடுத்தாள்.

இதற்கிடையில் மகள் ரோஷினி காலேஜ் முடித்து பாஸ்டனிலேயே வேலை தேடிக்கொண்டாள். வசந்தாமணி குடியிருந்த சின்ன டவுன்ஷிப்பில், வீட்டில் ஒரே ஆள் இருந்தால் வீட்டு வரியில் தள்ளுபடி உண்டு. மகள் போன கையோடு அப்ளை பண்ணி வாங்கிவிட்டாள். ஆக, ஒரே வீட்டைப் பற்றி இரண்டு கதை ஓடிக்கொண்டிருந்தது. டவுன்ஷிப்பிடம் சொன்னது நிஜம், தமிழ்ச் சங்கத்திடம் சொன்னது பொய். மாட்டிக்கொண்டது நிஜம்.

2009-ல் டவுன்ஷிப்புக்குப் பணமுடை. தள்ளுபடி வாங்குகிற ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்க்க ஓர் ஆளை அனுப்பினார்கள். அவர் வந்தபோது வசந்தாமணி லேபில் இருந்தாள். ஷூவைப் பார்த்தார், தபால் பெட்டியைப் பார்த்தார், பக்கத்து வீட்டு விசாலாக்ஷி ஆன்டியிடம் போய் விசாரித்தார். மறு வாரமே, 'வீட்டில் இருவர் வசிப்பதாகத் தெரிகிறது, சலுகை ரத்து' என்று நோட்டீஸ் வந்தது.

அவள் விவாகரத்துத் தீர்ப்பை எடுத்துக்கொண்டு டவுன்ஷிப் ஆபீஸ் கவுன்டருக்குப் போனாள். அங்கிருந்த அம்மாள் கண்ணாடியை மாட்டி முழுக்கப் படித்தாள்.

"விவாகரத்து ஆனது தெரிகிறது. அவர் அங்கே இல்லை என்பதற்கு இது ஆதாரம் இல்லையே. இந்தப் பொருளாதாரத்தில் எத்தனையோ பேர் பிரிந்த பிறகும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். என் தங்கையே அப்படித்தான்."

"அவர் டெக்ஸாஸில் இருக்கிறார்."

"அப்படியானால் அவருடைய ஷூ மட்டும் ஏன் நியூ ஜெர்சியில் இருக்கிறது?"

வசந்தாமணி தீர்ப்பை மடித்துப் பைக்குள் வைத்தாள். அப்பீல் பண்ணினாள்.

ரோஷினி போனில் சிரித்துவிட்டாள். "அம்மா, யூ ஆர் டிவோர்ஸ்ட். ஜஸ்ட் ஸே இட். இட்ஸ் நாட் எ டிஸீஸ்."

"உனக்கென்ன, நீ பாஸ்டன்ல இருக்கற. பொங்கலுக்குச் சங்கத்துல எல்லார் மூஞ்சிலயும் முழிக்கறது நானில்ல?"

விசாரணை ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், டவுன்ஷிப் கட்டடத்தில். மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர், பெரிய மீசைக்காரர், டோனட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்பது வசந்தாமணிக்குத் தெரியாது. விசாலாக்ஷி ஆன்டிக்குத் தெரிந்திருந்தது. பட்டுப் புடவை கட்டி, மேலே ஸ்வெட்டர் போட்டு, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க எதுக்கு ஆன்டி வந்தீங்க?"

"ஏதோ ஹியரிங்காமே, போர்டுல உன் பேரைப் பாத்தேன். சப்போர்ட்டுக்கு வந்தேன். நீ பயப்படாதே."

தலைவர் ஆரம்பித்தார். "பக்கத்து வீட்டு அம்மாள் எங்கள் ஆளிடம், கணவன் இங்கேதான் இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறார்."

ஆன்டி உடனே எழுந்தாள். "யெஸ் சார், நான்தான். ஐடியல் கப்பிள். ஒரு நாள் சண்டை கேட்டதில்லை. அவர் இருக்கிற சத்தமே வராது. அவ்வளவு நல்ல மனுஷர்."

மூன்று பேரும் வசந்தாமணியைப் பார்த்தார்கள். தள்ளுபடி போனால் போகிறது என்று கும்பிடு போட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் ஆளே இல்லாத வீட்டில் மாரிசாமி நல்ல பெயர் வாங்குவதை அவளால் தாங்க முடியவில்லை. ஆன்டியின் பக்கம் திரும்பி, தமிழிலேயே சொன்னாள்.

"அவரு இங்க இல்லீங்க ஆன்டி. அஞ்சு வருசமாச்சு. ப்ராஜெக்ட்டெல்லாம் பொய்ங்க. எங்களுக்கு டைவர்ஸ் ஆயிருச்சு."

ஆன்டி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"தெரியும்டி."

"என்னங்க தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும். பிளானோவுல என் நாத்தனார் பிள்ளை இருக்கான். நீயா சொல்லலை, நாங்க எப்படிக் கேக்கறது? அந்த ஆள் வந்து கேட்டானா, சர்க்கார் ஆள்கிட்டப் போய் உன் மானத்தை விடுவேனான்னு, ஜம்முனு சேர்ந்து இருக்காங்கன்னு சொல்லிட்டேன்."

"அதனாலதாங்க எனக்கு வரி ஏறிப்போச்சு."

"அதை முன்னாடியே சொல்ல மாட்டியா?"

தலைவர் டோனட்டைக் கீழே வைத்தார். "ஆங்கிலத்தில் சொன்னால் எங்களுக்கும் உதவியாயிருக்கும்."

ஆன்டி ஆங்கிலத்துக்கு மாறினாள். தான் சொன்னது பொய் என்றும், மரியாதைக்காகச் சொன்ன பொய் என்றும் சொல்லிவிட்டு, அதற்கு ஏதாவது அபராதம் உண்டா என்று கேட்டாள். இல்லை என்றதும், மாரிசாமி ஒன்றும் அவ்வளவு நல்ல மனுஷர் இல்லை, பனிக்காலத்தில் ஒரு நாள்கூட மண்வெட்டியைத் தொட்டதில்லை என்று கூடுதலாகச் சாட்சி சொன்னாள். வீட்டின் நடைபாதையில் வருஷக்கணக்காகப் பனி அள்ளியது வசந்தாமணி ஒருத்திதான், தன் கண்ணால் பார்த்தேன் என்றாள். மூன்று பேரும் தங்களுக்குள் குசுகுசுத்தார்கள். இதைவிட நல்ல ஆதாரம் அன்று வரைக்கும் அவர்களுக்கு வந்ததில்லை போலிருக்கிறது. சலுகையைத் திரும்பக் கொடுத்தார்கள்.

காரில் வரும்போது வசந்தாமணி கொஞ்சம் அழுதாள். ஆன்டி டிஷ்யூ எடுத்துக் கொடுத்துவிட்டு, "லெஃப்ட்ல திரும்பு, பால் வாங்கணும்" என்றாள்.

அந்த வாரக் கடைசியில், விவாகரத்துக்குப் பின் முதல் தடவையாக மாரிசாமி தானாகவே போன் பண்ணினான். விஷயம் அதற்குள் டெக்ஸாஸுக்குப் போயிருந்தது.

"என்ன வசந்தா, எல்லார் முன்னாடியும் போட்டு உடைச்சுட்டியாமா?"

"ஆமாங்க. வரி விஷயம்."

"இங்க எல்லார்கிட்டயும், உனக்கு லேப்ல ட்ரான்ஸ்ஃபர் குடுக்க மாட்டேங்கறாங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன். வருசா வருசம் நீ அப்ளை பண்றேன்னு. நாளைக்கு ஒரு வீட்ல சாப்பிடக் கூப்பிட்டிருக்காங்க. நான் இனி என்னன்னு சொல்றது?"

வசந்தாமணிக்குச் சிரிப்பு வந்தது. ரிசீவரைக் கையால் மூடிச் சிரித்து முடித்தாள்.

"ட்ரான்ஸ்ஃபர் ரிஜெக்ட் ஆயிருச்சுன்னு சொல்லுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.